பிரிட்ஜுக்கு முன்னம் ஒரு சரக்குப் போத்தல்

பிள்ளை பிறக்க முதல் ப்ரீசரை நிரப்பி வைக்கிறது எண்டது இப்ப டொரொண்டோவிலயும் லண்டனிலயும் இருக்கிற எங்கட அக்காமார், மச்சாள்மாரிட்ட அடிக்கடி கேட்கிற கதை. எட்டாம் மாசத்தில ஒரு சனி ஞாயிறு ஒதுக்கி, கறி, சூப், ரொட்டி எல்லாம் செய்து, டப்பாவில போட்டு, மேல திகதி எழுதி ஒட்டி உறைய வைச்சுப் போடுவினம். பிள்ளையோட ஆஸ்பத்திரியால வந்த பிறகு ஒவ்வொண்டா எடுத்துச் சூடாக்கிச் சாப்பிட வேண்டியதுதான். இதைக் கேட்டால் எங்கட அம்மம்மாமார் முகத்தைச் சுளிப்பினம். பிள்ளைப்பெத்தவளுக்குப் பழங்கறியோ எண்டு கேட்பினம்.

ஆனால் அவையளும் பிள்ளை பிறக்க முதல் சேர்த்து வைச்சவைதான். சேர்த்து வைச்ச சாமான் மட்டும்தான் வேற. திருகோணமலையில ஒரு வீடு பிள்ளைப்பேற்றுக்கு முதல் எதைச் சேர்த்தது, ஏன் அதைச் சேர்த்தது எண்டு தேடிப்போனால் துறைமுகம், பருவக்காற்று, யுத்தம், கரண்ட் எல்லாம் அந்தக் குசினிக்குள்ள வந்து நிக்கும். திருகோணமலை வரலாறு எண்டாலே கோட்டையும் கப்பலும் கோணேசர் கோயிலும்தான் எண்டு எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கினம். இந்தக் கட்டுரையில நாங்கள் அடுப்படியில இருந்து தொடங்குறம்.

முதலில சரக்கு. கொத்தமல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு. சில வீடுகளில திப்பிலி, ஓமமும் சேரும். செத்தல் மிளகாய் கிடையாது. எல்லாத்தையும் வெயிலில நல்லாக் காய விட்டு, வறுத்து, உரலில இடிச்சு, அரிச்சு, ஈரம் படாத போத்தலில அடைச்சு வைக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு இந்தத் தூளோட உள்ளியைத் தாராளமாய்ப் போட்டு, அண்டைக்குக் கரைக்கு வந்த மீனில பத்தியக்கறி வைப்பினம். பால் சுரக்கும் எண்டு பால்சுறாவுக்குத் தனி மரியாதை. முருங்கையிலையில ஒரு வறை, நல்லெண்ணெயில பொரிச்ச முட்டை. தமிழ் வீடுகளில 31ஆம் நாள் துடக்குக் கழியும் வரைக்கும் இந்தச் சாப்பாடுதான். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் வீடுகளில கணக்கு 40 நாள்.

இரண்டாவது மா. பச்சையரிசியை ஊறப்போட்டு, இடிச்சு, அரிதட்டில அரிச்சு, வறுத்து ஆறவிட்டால் மாசக்கணக்கில கெடாது. புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அதுவே போதும். மூண்டாவது விறகு. இதைப் பலர் மறந்து போயிட்டினம். வேப்பிலை, நொச்சி, பாவட்டை போட்டுக் கொதிக்க வைச்ச தண்ணியிலதான் தாய்க்கு வேது குளிப்பாட்டு. பிள்ளைக்கும் சுடுதண்ணி, துணி அவிக்கவும் சுடுதண்ணி. ஒரு மாசத்துக்கு மேல அடுப்பு அணையாமல் எரியவேணும். பிள்ளைப்பேற்றுக்குச் சேர்த்ததிலயே இடத்தை அடைச்ச சாமான் விறகாய்த்தான் இருந்திருக்கும்.

இதில ஒண்டைக் கவனியுங்கோ. இந்தப் பட்டியலில ஆக்கின சாப்பாடு எண்டு ஒண்டுமே இல்லை. இடிச்சது, வறுத்தது, காய வைச்சது, வெட்டி அடுக்கினது. எல்லாம் பாதி வேலை முடிஞ்ச சாமான்கள். மிச்சப் பாதியைச் செய்ய அந்த வீட்டில ஆள் இருக்கும் எண்ட நம்பிக்கையிலதான் இந்த முறையே நிக்குது. அம்மா, அம்மம்மா, பெரியம்மா, பக்கத்து வீட்டு மாமி எண்டு யாரோ ஒருத்தி விடிய எழும்பி அடுப்பு மூட்டுவா. எனவே சாமானைச் சேர்த்தால் காணும், ஆளைச் சேர்க்கத் தேவையில்லை. இன்றைய ப்ரீசர் இதை அப்படியே புரட்டிப் போடுது. அங்க சாமான் எப்பவும் கடையில கிடக்கும், அடுப்படியில நிக்கத்தான் ஆளில்லை. அதனால ஆளின்ர வேலையையும் சேர்த்து உறைய வைக்க வேண்டியிருக்கு.

சரி, ஏன் முன்கூட்டியே காயவைக்க வேணும்? இந்த இடத்தில கடலும் மழையும் வருது. எங்கட மாவட்டத்துக்கு மழை ஐப்பசியில இருந்து தை வரைக்கும் கொட்டும். வைகாசியில இருந்து புரட்டாதி வரைக்கும் மண் வெடிக்கிற வெயில். மார்கழியில பிள்ளை பிறக்கப் போகுது எண்டால் மல்லியும் மாவும் ஆவணி வெயிலிலயே காய்ஞ்சிருக்க வேணும். மழை தொடங்கின பிறகு சுளகில பரப்பினது பூஞ்சணம்தான் பிடிக்கும். விறகும் அப்பிடித்தான். கடலும் அந்த மாசங்களில கொந்தளிக்கும். மேற்குக் கரையில இருந்து தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில இங்க வந்து வாடி போட்டுத் தொழில் செய்யிற மீனவரும் அதுக்கு முதலே திரும்பிப் போயிடுவினம். எந்த மாசத்தில பிள்ளை எண்டதை வைச்சுத்தான் ஒரு வீட்டின்ர சேமிப்பு தீர்மானமாகும். ஆடியில பிறக்கிற பிள்ளையின்ர தாய்க்கு மீனுக்குக் குறைவில்லை. கார்த்திகைத் தாய்க்கு வெளிக்கடல் பூட்டு. ஆனால் கொட்டியாரக் குடாவுக்கு உள்ளயும் உட்துறைமுகத்திலயும் தண்ணி கொஞ்சம் அமைதியாய்க் கிடக்கும் எண்டதால கரைவலைக்கும் சின்னத் தோணிக்கும் கொஞ்சமாவது அகப்படும்.

இதே அமைதியான தண்ணிக்குத்தான் ஐரோப்பியர் சண்டை பிடிச்சவை. வடகீழ்ப் பருவக்காற்று வீசுற மாசங்களில சோழமண்டலக் கரையில, சென்னை உட்பட, கப்பற்படை ஒதுங்கிறதுக்கு ஒரு இயற்கைத் துறைமுகமும் இல்லை. வங்காள விரிகுடாவின்ர இந்தப் பக்கத்தில இரண்டு பருவக்காற்றுக்கும் தாங்குற இடம் திருகோணமலை. அதனால 1782 ஜனவரியில ஆங்கிலேயர் இதை ஒல்லாந்தரிட்ட இருந்து பிடிச்சினம். அதே வருசம் ஆகஸ்டில பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அவையளிட்ட இருந்து பறிச்சார். பிறகு ஒல்லாந்தர் கைக்குத் திரும்பி, 1795இல மறுபடி ஆங்கிலேயர். மழைக்காலத்தை எப்படித் தாண்டுறது எண்ட கேள்வி ஒரு பேரரசுக்கும் நிறைமாசக்காரிக்கும் ஒரே மாசத்திலதான் வந்திருக்கு. பேரரசின்ர பதில் மட்டும் பாடப்புத்தகத்தில ஏறியிருக்கு.

குளிர் எண்ட விசயமும் இந்தத் துறைமுகத்துக்குக் கப்பலிலதான் வந்தது. ஐஸ் எண்டது 19ஆம் நூற்றாண்டில ஒரு கப்பல் சாமான். அமெரிக்காவின்ர பொஸ்டனில இருந்து ஏரிப் பனியை அறுத்து மரத்தூளில பொதிஞ்சு கல்கத்தாவுக்கு 1833இல அனுப்பினவர் பிரெடெரிக் டியூடர். சென்னைக் கடற்கரையில இண்டைக்கும் ஐஸ் ஹவுஸ் எண்டு சொல்லப்படுற கட்டடம் அவரின்ர பனிக்கிடங்குதான். கொழும்பில 1866இல ஐஸ் கொம்பனி வந்தது. எலிபன்ட் ஹவுஸ் எண்டு நாங்கள் குடிக்கிற சோடாவின்ர பூர்வீகம் அது. 1882இல நியூசிலாந்தில இருந்து டனீடின் எண்ட கப்பல் உறைஞ்ச ஆட்டிறைச்சியோட லண்டன் போய்ச் சேர்ந்த பிறகு, உறைஞ்ச இறைச்சி பிரித்தானியச் சாப்பாட்டில ஒரு பங்காகிப் போச்சு. எங்கட துறைமுகத்தில நிண்ட கப்பல்களின்ர குளிரறைகளில மாசக்கணக்கில் பழசான இறைச்சி கிடக்க, அதிலயிருந்து கூப்பிடு தூரத்தில இருந்த வீடுகளில அண்டைக்குப் பிடிச்ச மீன்தான் சாப்பாடு. யாருக்கு வசதி கூட எண்டு நாங்கள் யோசிச்சதுண்டு.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கி ஒண்டு எரிஞ்சது. ஹேர்மிஸ் எண்ட விமானந்தாங்கிக் கப்பல் அண்டைக்கே மட்டக்களப்புக் கடலில மூழ்கினது. நகரத்துச் சனம் உள்நாட்டுப் பக்கம் ஓடினது. அந்தச் சனத்துக்குள்ள நிறைமாசக்காரரும் இருந்திருப்பினம். வெயிலில காயவைச்சு அடைச்ச போத்தலை அவையள் தூக்கிக்கொண்டு ஓடினவையா, விட்டிட்டு ஓடினவையா எண்டு ஒரு நூலிலயும் எழுதியிருக்காது. குண்டை விட நீண்ட பாதிப்பு அரிசிக்கு வந்தது. இலங்கை சாப்பிட்ட அரிசியில பெரும்பகுதி வெளியிலயிருந்து, முக்கியமாய்ப் பர்மாவிலயிருந்து வந்தது. ரங்கூன் அந்த மார்ச்சிலயே விழுந்திட்டுது. பங்கீட்டு அட்டை வந்தது, அரிசி குறைஞ்சது, கோதுமை மா எங்கட குசினியில காலூன்றினது. கோதுமை மாவை அவிச்சு, கட்டி உடைச்சு, அரிச்சு வைச்சுப் புட்டும் இடியப்பமும் செய்யிற எங்கட பழக்கம், அரிசிமாவுக்குச் செய்த அதே பாதி வேலையைப் புது மாவுக்குச் செய்து பார்த்ததுதான். இதில ஒரு விசித்திரம்: பிரித்தானியக் கடற்படை 1957இல போன பிறகு, 1980இல அதே துறைமுகத்தின்ர கரையில, சீனக்குடாவில, சிங்கப்பூர் பிரிமா நிறுவனத்தின்ர பெரிய மாவாலை ஓடத் தொடங்கினது. நாடு முழுக்கப் பாண் சுடுற மாவை அரைக்கிற ஊராய்த் திருகோணமலை மாறினது.

இதுக்கிடையில அரசும் பிள்ளைப்பேற்றுக்குச் சாமான் சேர்க்கத் தொடங்கியிருந்தது. 1926இல களுத்துறையில தொடங்கின சுகாதாரப் பிரிவு முறையும், பிறகு ஊரூராய் வந்த குடும்பநல மருத்துவ மாதுக்களும் செய்தது சாதாரண வேலை இல்லை. 1930களில உயிரோட பிறந்த ஒரு லட்சம் பிள்ளையளுக்கு ஏறத்தாழ 2,000 தாய்மார் செத்த நாடு இது. இண்டைக்கு அந்தக் கணக்கு 30 அளவில நிக்குது. அந்த மிஸ்ஸியின்ர கையாலதான் 1973இல இருந்து திரிபோஷா பக்கெட்டும் வீட்டுக்கு வந்தது. சோளமும் சோயாவும் சேர்த்த சத்துமா, கர்ப்பிணிக்கும் பாலூட்டுற தாய்க்கும் இலவசம். அதைச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடிச்சுத் தாய் தின்னுறதுக்கு முதல் நாங்கள் திண்டு முடிச்சது வேற கதை. இதை வாசிக்கிறவையளில பாதிப்பேர் இப்ப சிரிப்பினம் எண்டு தெரியும். 2015இல இருந்து மாசம் 2,000 ரூபா பெறுமதியான போஷாக்குப் பொதி பத்து மாசத்துக்கு எண்டும் ஒரு திட்டம் வந்தது.

ஆனால் அரசு ஒரு கையால தந்ததை யுத்தம் மற்றக் கையால எடுத்தது. மூதூருக்கும் திருகோணமலை நகரத்துக்கும் நடுவில கொட்டியாரக் குடா கிடக்கு. படகில ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். தரைவழியாய்ப் போறதெண்டால் துறைகளைக் கடக்கவேணும், இல்லாட்டி சுத்திப் போகவேணும். இரவில ஊரடங்கு, பகலில சோதனைச்சாவடி, கடலுக்குப் போறதுக்குப் பாஸ், போகக்கூடிய நேரம், போகக்கூடிய தூரம் எல்லாத்துக்கும் கட்டுப்பாடு. இரவில குத்து எடுத்தால் என்ன செய்யிறது எண்ட பயத்தில, நாள் கிட்டக்கிட்ட நகரத்தில இருக்கிற சொந்தக்காரர் வீட்டில வந்து நிண்ட பெண்கள் எத்தனையோ பேர். அப்ப சேர்த்து வைச்ச சரக்கும் மாவும் உடுப்புப் பையோட சேர்ந்து பயணம் போகும். வழியில பையைத் திறந்து கொட்டிக் காட்ட வேண்டியும் வரும். பத்தியக்கறிக்குச் சரக்கு ரெடி, அடுப்பு ரெடி, மீன் மட்டும் பாஸ் கிடைச்ச ஆளின்ர தோணி திரும்பினால்தான். பாதி வேலை முடிச்சு வைக்கிற முறை தடுக்கி விழுந்த இடம் இதுதான். மிச்சப் பாதி கடலிலயிருந்து புதுசாய் வரவேணும், கடலைப் பூட்டினால் போத்தலில இருக்கிற தூளை வைச்சு என்ன செய்யிறது?

2006இல மாவிலாறில தொடங்கின சண்டை ஆகஸ்டில மூதூருக்கு வந்தது, செப்டெம்பரில சம்பூர் விழுந்தது. மூதூர்ச் சனம் கந்தளாய்க்கு ஓடினது. சம்பூர்ச் சனம் வாகரை, மட்டக்களப்பு எண்டு அலைஞ்சு, கடைசியில கிளிவெட்டி போன்ற முகாம்களில பல வருசம் இருந்தது. முகாமில குடுத்தது உலர் உணவு: அரிசி, மா, பருப்பு, எண்ணெய், சீனி. இதுவும் ஒரு சேமிப்புத்தான், ஆனால் பிள்ளைப்பெத்தவளுக்கெண்டு கணக்குப் பார்த்ததில்லை. உரல் இல்லை, முருங்கை இல்லை, வேதுக்கு இலை பிடுங்கக் காணி இல்லை. அந்தக் காணியை அனல்மின் நிலையத்துக்கெண்டு எடுத்து வைச்சிருந்தவை. 500 மெகாவாட், இந்தியாவோட கூட்டு. சனம் 2015க்குப் பிறகுதான் படிப்படியாய்த் திரும்பினது, அனல்மின் திட்டத்தை 2016இல கைவிட்டினம். இப்ப அங்க சூரியமின் திட்டத்துக்கு அடிக்கல் வைச்சிருக்கினம். கரண்ட் தயாரிக்கிறதுக்கெண்டு ஒரு ஊரையே கிளப்பி, அந்த ஊர்த் தாய்மாரை ஒரு குளிர்பெட்டி கூட இல்லாத தகரக் கொட்டிலில பிள்ளை வளர்க்க விட்டதை என்னெண்டு சொல்லுறது?

யுத்தம் முடிஞ்ச 2009இலயே கிண்ணியாப் பாலம் திறந்தது. அடுத்த சில வருசங்களில மூதூர்ப் பாதையில மிச்சப் பாலங்களும் வந்தன. கடன் திட்டத்தில பிரிட்ஜ் வீடுகளுக்கு வந்தது. ஒரு கதவு வைச்ச, மேல சின்னதாய் ஒரு உறைபெட்டி உள்ள பிரிட்ஜ். அதுக்குள்ள மீனும் ஐஸ்பழமும்தான் போச்சு, பிள்ளைப்பேற்றுச் சாப்பாடு போகேல்லை. பழசு வாயு எண்ட நம்பிக்கை ஒரு காரணம். அம்மம்மா இன்னும் வீட்டில இருந்தது மற்றக் காரணம்.

அடுப்படியில ஆள் இருந்தது எண்டு சொல்லும்போது அந்த ஆள் யார் எண்டும் கேட்கவேணும். ஒரு தாய்க்கு 31 நாள் ஓய்வு கிடைக்கிறதுக்கு இன்னொரு பெண் 31 நாள் விடிய நாலு மணிக்கு எழும்பினவ. அவவுக்கு ஒருத்தரும் சரக்குக் கறி வைச்சுக் குடுக்கேல்லை. அந்த வீட்டு ஆம்பிளையள் விறகு கொத்தினதோட, மீன் வாங்கி வந்ததோட வேலையை முடிச்சவை. இந்த மரபைக் கொண்டாடுற கட்டுரைகள் நிறைய வாசிச்சிட்டம், இதை எழுதினதைக் காணக் கிடைக்கேல்லை. பத்தியம் எண்ட பேரில தண்ணியைக் குறைச்சுக் குடிக்க விட்டதும், பழத்தை விலக்கினதும் பால் குடுக்கிற உடம்புக்கு நல்லதில்லை எண்டு மிஸ்ஸிமார் வருசக்கணக்காய்ச் சொல்லினம். மீனையும் முருங்கையிலையையும் உள்ளியையும் வைச்சிருப்பம், தாகத்தை விட்டிடுவம் எண்டதுதான் எங்கட நிலைப்பாடு.

முன்கூட்டிச் சேர்க்கிறது எங்கட ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. பழைய இங்கிலாந்தில பிள்ளைப்பேற்றுக்கெண்டு மாசக்கணக்கில முதலே பியர் காய்ச்சி வைச்சவை. அதைக் குடிக்கிறது கூட நிக்க வந்த பெண்கள். கன்டோனியச் சீனர் பிள்ளை பிறக்க முதலே பெரிய சாடியில இனிப்பு வினாகிரி ஊத்தி இஞ்சியை ஊறப்போட்டு, பிறந்த பிறகு பன்றிக்காலும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சித் தாய்க்கும் வாறவைக்கும் குடுப்பினம். இதுவும் எங்கடை மாதிரிப் பாதி வேலை முடிச்ச சேமிப்பு. ஆக்கி முடிச்ச சாப்பாட்டை வீட்டில உறைய வைக்கிறது இவையளோட பார்க்கப் புதுசு. கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ எண்ட அமெரிக்கர் லாப்ரடோரில இனுவிட் சனம் கடுங்குளிரில மீனை நொடியில உறைய வைக்கிறதைப் பார்த்துப் பழகி, மெதுவாய் உறைஞ்சால்தான் மீன் சளசளத்துப் போகும், வேகமாய் உறைஞ்சால் பதம் கெடாது எண்டதைத் தொழிலாக்கினார். 1930இல அந்தச் சாமான் அமெரிக்கக் கடைக்கு வந்தது. ஒரு மீன்பிடிச் சமூகத்தின்ர அறிவுதான் அங்கயும் தொடக்கம்.

2022இல எங்கட பிரிட்ஜுகளுக்குச் சோதனை வந்தது. மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. காஸ் இல்லை, பால்மா இல்லை. சோளம் தட்டுப்பட்டுத் திரிபோஷாவும் ஒழுங்காய் வரேல்லை. அந்த வருசம் பிள்ளை பெத்த வீடுகள் பலதில அம்மம்மாவின்ர விறகடுப்பு திரும்பவும் எரிஞ்சது. சரக்குப் போத்தலுக்குக் கரண்ட் தேவையில்லைத்தானே.

எண்டாலும் ப்ரீசரை நாங்கள் பழிக்கேல்லை. எங்கட தோழியளில பலர் கொழும்பில தனியாய் இருக்கினம், சிலர் டோகாவில. அம்மாவுக்கு விசா இல்லை, இல்லாட்டி அம்மாவே வேலைக்குப் போறா. சட்டம் தாற 84 நாள் லீவு தாய்க்குத்தான், அடுப்படியில நிக்கிறவைக்கில்லை. அவையளுக்காகக் கேட்டும் செய்து பார்த்தும் அறிஞ்சதைச் சொல்லுறம். சரக்குக் கறி உறைய வைச்சால் நல்லாய் நிக்கும், மிளகும் உள்ளியும் இன்னும் ஊறும். அவிச்ச இடியப்பம் ஆறின பிறகு அடுக்கி உறைய வைச்சு, ஆவியில திருப்பி அவிச்சால் புதுசு மாதிரி. தேங்காய்ப்பால் விட்ட சொதி திரையும், அதை அண்டண்டைக்கு வையுங்கோ. முருங்கையிலை வறையும் சரிவராது, இலையை மட்டும் உருவி உறைய வைக்கலாம். மைனஸ் 18 பாகையில நிக்கிற, நிறைஞ்ச தனி டீப் ப்ரீசர் கரண்ட் போனாலும் திறக்காமல் விட்டால் இரண்டு நாள் வரைக்கும் தாங்கும், பாதி நிறைஞ்சதெண்டால் ஒரு நாள். ஒரு கதவுப் பிரிட்ஜின்ர மேல்பெட்டியை அப்பிடி நம்பேலாது. கீழ்ப் பகுதி கதவு திறக்காமல் விட்டாலும் நாலு மணித்தியாலம்தான்.

டப்பாவில திகதியோட, சூடாக்கப் போறவரின்ர பேரையும் எழுதி ஒட்டச் சொல்லி ஒரு தோழி சொன்னா. அவவின்ர ப்ரீசரில எல்லா டப்பாவிலயும் அவவின்ர புருசன்ர பேர்தான் கிடக்குது.